வாத்து சொன்ன பொய்

செப்டம்பர் 3, செவ்வாய்

பாத்திரம் முழுவதையும் இன்று நான்தான் துலக்கினேன். வாழைத்தார் இறக்க ஆள் வரவில்லை என்று பெரியண்ணன் மதினியையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் கிளை நூலகம். தேர்வாணைய வினாத்தாள் தொகுப்பு இன்னும் யாரிடமோ இருக்கிறது. அதற்குப் பதிலாக, பெரியண்ணன் மகள் முத்தரசிக்கு ஒரு படக்கதை எடுத்து வந்தேன். "மெழுகு வாத்து." இருபது பக்கம். நூலக உதவியாளர் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். 17-க்குள் திருப்ப வேண்டும்.

பேருந்தில் உட்கார்ந்து புரட்டினேன். ஒரு பையனிடம் மெழுகில் செய்த வாத்து ஒன்று இருக்கிறது. உச்சந்தலையில் திரி. அதற்கு ஒரே ஒரு ஆசை, குளத்தில் நீந்த வேண்டும். ஒரு புயல் நாளில் பையன் காட்டுக்குள் வழி தவறுகிறான். இருட்டுகிறது. என்னைக் கொளுத்து என்கிறது வாத்து. கொளுத்துகிறான். நடக்க நடக்க அதன் தலை, கழுத்து, இறகு எல்லாம் உருகி அவன் விரலிடுக்கில் வழிகிறது. பக்கத்துக்குப் பக்கம் அவன் "வலிக்குதா?" என்கிறான். பக்கத்துக்குப் பக்கம் அது "இல்லை, வெளிச்சமாக இருக்கிறது" என்கிறது. வீட்டு வாசல் வரும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு மட்டும். கடைசிப் பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மிளகளவு மஞ்சள்.

எத்தனையோ தடித்த நாவல்களில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் பேருந்தில் வைத்து அழுததில்லை. நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்தபடி, யாரும்மா தவறிட்டாங்க என்று மெதுவாகக் கேட்டார். வாத்து என்று எப்படிச் சொல்வது? தூரத்துச் சொந்தம் என்றேன்.

நூலக உதவியாளரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4, புதன்

சாயங்காலம் முத்தரசிக்குப் படித்துக் காட்டினேன். பெரியண்ணன் கால் கழுவிவிட்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு. பத்தாம் வகுப்போடு நின்று, சுமை தூக்கி, வண்டி வாங்கி, என்னை எம்.ஏ. வரைக்கும் படிக்க வைத்தார். சின்னண்ணனைப் போலீஸ் தேர்வுக்குத் தயார் செய்ததும் அவர்தான். சின்னண்ணன் இப்போது தேறிவிட்டான். நியமன உத்தரவு இந்த மாதம் வர வேண்டும்.

பாதிக் கதையில் பெரியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டார். மதினி மூக்கை உறிஞ்சினாள். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா பருப்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். அழாதவள் முத்தரசி மட்டும்தான். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கடைசிப் பக்கத்து மஞ்சளின் மேல் விரலை வைத்து யோசித்தாள்.

"அத்தை, தீ வச்சா வலிக்கும்லா. அப்போ வாத்து பொய் சொல்லுது."

"பொய் இல்ல தாயி. அது பாசம்" என்றார் பெரியண்ணன், துண்டுக்குள் இருந்தபடியே. பிறகு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இரண்டாம் தடவை படிக்கும்போது சின்னண்ணன் ஓட்டப்பயிற்சி முடித்து வந்தான். மொத்தக் குடும்பமும் ஒரு வாத்துக்கு ஒப்பாரி வைக்கிறதா என்று சிரித்தான். புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டியவன், பின் அட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும் இடத்தில் நின்றான். 17 என்ற முத்திரைக்குப் பக்கத்தில் பென்சிலில் கடுகளவு ஒரு வாத்து.

யார் வரைந்தது என்று கேட்டான். முத்தரசி கிறுக்கியிருப்பாள் என்றேன். முத்தரசி என்னைப் பார்த்தாள்.

அலமாரியில் நூலகப் புத்தகங்கள் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையும் எடுத்துச் சீட்டைப் பார்த்தான். ஒன்றில் ஒரு மீன். ஒன்றில் ஒரு குடை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

செப்டம்பர் 6, வெள்ளி

நூலகம் விடுமுறை.

செப்டம்பர் 8, ஞாயிறு

புத்தகத்தில் கிறுக்குவது நூலக விதிக்குப் புறம்பானது, அழியுங்கள் என்று உதவியாளரிடம் சொன்னேன். அழித்துவிடலாம், ஆனால் அழிப்பான் இல்லையே என்றார். அவர் பெயர் கிதியோன். தினக்கூலி. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெரு. அந்தத் தெரு ஆட்கள் எங்கள் தெரு வழியாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் போனாலே சின்னண்ணனுக்குப் பொறுக்காது.

வாத்துக் கதையைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை எழுதி வைக்க வேண்டும். அதை எடுத்துப்போகும் குழந்தைகள் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, பேய் வருகிற கதை இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். குழந்தைக்கு என்று சொல்லி எடுத்துப்போகும் பெரியவர்கள்தான் கெடு தாண்டித் திருப்புகிறார்கள். ரேஷன் கடைக்காரர் பேத்திக்கு என்று வாங்கிப் போய் இருபத்தைந்து நாள் வைத்திருந்தாராம். ஏன் என்று கேட்டதற்கு, பேத்தி படிச்சிட்டா, நான் இன்னும் முடிக்கல என்றாராம். இருபது பக்கம்!

கால்வாய்ப் பாதையில் பார்த்துப் போகச் சொன்னேன். பிறந்ததிலிருந்து போகிற பாதை என்றார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாடியில் உளுந்து காயப்போட்டேன். மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

செப்டம்பர் 11, புதன்

நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சின்னண்ணன் கொல்லைக் கதவு வழியாக வந்தான். வாழைத்தார் வெட்ட வீட்டில் வைத்திருக்கும் அரிவாள் அவன் கையில் இருந்தது. குழாயடியில் குந்தி முதலில் அரிவாளைக் கழுவினான். பிறகு முழங்கை வரை கையை. பிறகு முகத்தை. நகத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அதை இழுத்து எறிந்தான். சட்டையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினான். அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. வாளியில் போட்டுச் சோப்புத்தூளைக் கொட்டினாள். நுரை இளஞ்சிவப்பாகப் பொங்கி வழிந்து, வெங்காயத் தோல் கிடந்த இடம் வரைக்கும் வந்தது.

என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

"இனி ஒருத்தனும் படம் வரைய மாட்டான்."

அரை மணி நேரத்தில் தெரு இரைந்தது. பால்காரர் வந்து வாசலில் நின்று சொன்னார். நூலகத்தைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வந்த பையனைக் கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வெட்டிப் போட்டிருக்கிறது. பதினோரு வெட்டு. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும், கழி வைத்துத் துழாவுகிறார்கள்.

அந்த நேரத்தில் பெரியண்ணன் பேட்டையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்தார்.

நான் வெங்காயத்தை உரித்து முடித்தேன். ஒரு கிலோ. கண் ஏன் இப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு வக்கீலோடு வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது முறையும் போட்டேன். சின்னண்ணன் பெயர் வழக்கில் ஏறினால் போலீஸ் வேலை போச்சு. யாராவது ஒருவர் கோர்ட்டில் சரண்டர் ஆகிவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் ஊரில் புதிதில்லை. கல்யாணத்துக்குப் பந்தல்காரரைச் சொல்வதுபோல, ஆள் யார் என்று வக்கீல் கேட்டார்.

பெரியண்ணன் வாசலில் லோடு ஆட்டோவின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவேயில்லை. அங்கிருந்தே, நான் போறேன் என்றார். அரிவாளும் எனதுதானே என்றார்.

அம்மா ஓடிப்போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்துக்கொண்டாள். மாமா கண்ணைத் துடைத்தார். மதினி கதவைப் பிடித்தபடி நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெரியண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பிள்ளைக்கு அந்த வாத்துக் கதையை அடிக்கடி படித்துக் காட்டச் சொன்னார். அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள அது போதும் என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கோர்ட்டில் சரண்டர் ஆகிவிட்டார். நூலகம் விடுமுறை.

செப்டம்பர் 14, சனி

கிதியோன் வீட்டார் உடலை வாங்க மறுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய அம்மா தரையில் உட்கார்ந்திருக்கும் படம். வெட்டியவனைப் பிடிக்கும்வரை பிணவறையிலேயே இருக்கட்டும், சரண்டர் ஆனவன் அந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். பாலத்தில் ஓடியவனைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம், ஆனால் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லையாம்.

மூன்று பேருந்துக்குக் கண்ணாடி போயிற்று. எங்கள் தெரு ஆட்கள் கால்வாயைத் தாண்டிப் போய் இரண்டு கூரைக்குத் தீ வைத்தார்கள். பதிலுக்கு வந்த கல் ஒன்று எங்கள் சன்னலில் நுழைந்து அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினேன். கல்லை எடுத்து வெளியே வைத்தேன். மத்தியானத்துக்கு ரசமும் அப்பளமும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சின்னண்ணன் என் அலமாரியைக் காலி செய்தான். எல்லாப் புத்தகத்தையும் கொல்லையில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினான். படிச்சுப் படிச்சுத்தான் இந்தப் புத்தி என்றான். நான் ஒரு புத்தகத்தை இழுத்தேன். என் முடியை முஷ்டியில் சுற்றிக் குழாயடியிலிருந்து தீ வரைக்கும் தரதரவென்று இழுத்துப்போய், முகத்தை அதன் பக்கம் திருப்பிப் பிடித்தான். இமை முடி பொசுங்கும் வாசம் வந்தது. பிறகு விட்டான். இடது காதுக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி தோலோடு வந்துவிட்டது. இந்த நோட்டு தையல் மிஷின் மூடிக்குள் இருந்ததால் தப்பியது.

வாத்துப் புத்தகம் முத்தரசியின் பள்ளிப் பையில் இருந்தது. சாயங்காலம் அதையும் கண்டுபிடித்தான். எரிப்பான் என்று பார்த்தேன். தீக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். முதல் பக்கத்திலிருந்து. மெதுவாக, உதடு அசைய. கடைசியில் அவன் தோள் குலுங்கியது. நடிப்பில்லை. மூக்கு ஒழுக அழுதான்.

"அண்ணன் எனக்கு இந்த வாத்து மாதிரிம்மா" என்று அம்மாவிடம் சொன்னான்.

அம்மாவும் அழுதாள். புத்தகத்தைப் பத்திரமாகத் துடைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான். அதன்பின் நாலு தோசை சாப்பிட்டான். சட்னியில் உப்பு குறைவு என்றான்.

நானும் அந்தக் கதைக்குத்தான் அழுதேன். இதே கண்ணீர்தான். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புத்தகத்துக்கு இன்று கெடு.

ஜெயிலில் மனு போட்டுப் பெரியண்ணனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். இரண்டு நாள் போலீஸ் காவலில் எடுத்து விசாரித்திருக்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் சேர்த்துக் கட்டியிருந்தது. கீழ் உதடு பிளந்து நூல் போட்டிருந்தது. எத்தனை வெட்டு வெட்டினாய் என்று கேட்டார்களாம். மூன்று என்றாராம். அடித்தார்களாம். எந்தக் கை துண்டானது என்று கேட்டார்களாம். இடது என்றாராம். அதற்கும் அடித்தார்களாம். கடைசியில் பதினொன்று, வலது என்று அவர்களே சொல்லிக்கொடுத்து எழுதிக்கொண்டார்களாம். இதையெல்லாம் அவர் வேடிக்கை போலத்தான் சொன்னார், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி.

எனக்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"வலிக்கா அண்ணே?"

"இல்லட்டி. வெளிச்சமா இருக்கு."

சிரித்தார். தையல் போட்ட இடத்திலிருந்து ரத்தம் மோவாய்க்கு இறங்கியது.

திரும்பும்போது பேருந்து ஆஸ்பத்திரி வழியாக வந்தது. அந்த அம்மா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதே சேலை.

செப்டம்பர் 18, புதன்

வக்கீல் மறுபடி வந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாளைக்கு மகளிர் போலீஸ் வந்து என்னை மஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போகுமாம். நான் சொல்ல வேண்டியது இதுதான்: பத்தாம் தேதி சாயங்காலம் அந்த ஆள் எங்கள் கொல்லைக்குள் புகுந்து என் கையைப் பிடித்தான், நான் கத்தினேன், பெரியண்ணன் பார்த்துவிட்டு ஆத்திரத்தில் துரத்திப் போனார். ஆத்திரத்தில் செய்தது என்றால் தண்டனை பாதியாகுமாம். எந்தக் கையைப் பிடித்தான் என்று கேட்டால் வலது என்று சொல்லச் சொன்னார். எல்லாம் ஒத்துப்போக வேண்டுமாம்.

மதினி என் காலில் விழுந்தாள். தூக்கினேன், மறுபடி விழுந்தாள். அவளுக்கு அவள் புருஷன் வேண்டும். உண்மையைச் சொன்னால் இன்னும் சீக்கிரம் வருவார் என்று அவள் காதில் சொன்னேன். அத்தையும் கொழுந்தனும் என்னையும் பிள்ளையையும் விட்டு வைப்பாங்களா என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா கட்டுப்போட்ட புருவத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவன் உனக்காக உருகிப்போனான். ஒரு வார்த்தை சொல்லுததுக்கு உனக்கு நாக்கு தேயுதோ?"

சின்னண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். என்னை அவன் மிரட்டவில்லை. சாமி படத்தின் கீழிருந்து வாத்துப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தான். படிச்சுப் பாரு, புரியும் என்றான்.

படித்தேன். முத்தரசி வந்து முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அப்பாவுக்கு வலிக்குதா என்று கேட்டாள். இல்லையாம், வெளிச்சமாக இருக்கிறதாம் என்றேன்.

புத்தகத்தை மூடினாள். பிறகு, வாத்தைக் காட்டி அல்ல, என்னைக் காட்டிக் கேட்டாள்.

"நீயும் பொய் சொல்லுத. இல்லையா அத்தை?"

செப்டம்பர் 19, வியாழன், காலை

தலைக்குக் குளித்தேன். காயத்தில் சீயக்காய் எரிந்தது. பத்து மணிக்கு வருவார்கள். கோர்ட் வாசல் வரைக்கும் மாமாவும் சின்னண்ணனும் வண்டியில் பின்னாலேயே வருவார்களாம்.

இந்த நோட்டை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. இன்று மஜிஸ்திரேட்டிடம் கொடுத்துவிடப் போகிறேன். யார் யாரோ படிப்பார்கள். பக்கத்துக்கு எண் போடுவார்கள். சத்தமாக வாசிப்பார்கள். அதனால் இதில் நான் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

கிதியோனும் நானும் தை மாதம் பதிவுக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அவர் கடிதம் எழுதுகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் பையைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். தேதி முத்திரைக்குப் பக்கத்தில் எதையாவது சின்னதாக வரையுங்கள், நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். இத்தனை படித்தவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. மீன், குடை, வாத்து எல்லாம் நான் கேட்டு வரைந்தவை. எட்டாம் தேதி அவரிடம் அழிக்கச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். அழிக்கச் சொல்லவில்லை. இன்னொன்று வரையச் சொன்னேன்.

அவர் எங்கள் கொல்லைக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. என் கையை ஒரே ஒரு தடவை பிடித்தார். நான் நீட்டினேன்.

பெரியண்ணன் என்னை மன்னிக்க மாட்டார். தெரியும்.

வண்டிச் சத்தம் கேட்கிறது.

செப்டம்பர் 21, சனி

இது தனித்தாள். நோட்டு கோர்ட்டில் இருக்கிறது. நான் வேறு மாவட்டத்தில் ஒரு பெண்கள் காப்பகத்தில் இருக்கிறேன். இங்கே காலையில் கூட்டுவது என் வேலை.

கிதியோனின் உடலை இன்று வாங்கிக்கொண்டார்களாம். பதினோராம் நாள். கையையும் சேர்த்து. பாதுகாப்பு இல்லை என்று என்னைப் போக விடவில்லை. சின்னண்ணனைக் கோர்ட் வாசலில் வைத்தே பிடித்தார்கள். பெரியண்ணன் வெளியே வரக் கொஞ்ச நாளாகுமாம். என் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். தங்கச்சி இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.

அன்று கோர்ட் வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். என்னோடு வந்த பெண் ஏட்டு பொழுது போகாமல் என் பையிலிருந்த வாத்துப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்க அம்மா இப்படித்தான் என்றார். எல்லோருக்கும் தனக்காக உருகிய ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். கதையில் தீக்குச்சி பிடித்த கை ஒன்றும் இருக்கிறது. அது ஒருவருக்கும் தன்னுடைய கை போலத் தெரிவதில்லை. எனக்கும் பேருந்தில் தெரியவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மஜிஸ்திரேட் நடுத்தர வயதுப் பெண். ஏட்டை வெளியே போகச் சொல்லிவிட்டு, பயப்படாமல் உட்காரச் சொன்னார். வாக்குமூலம் எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டாக வேண்டுமாம். யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காதுக்கு மேலே முடி போன இடத்தில் அவர் பார்வை நின்றது.

"வலி ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்றேன். தட்டச்சுக்காரர் அதிலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.